எழுத்து உள்ளேயா, வெளியேயா?

நான் ஆங்கிலம் கற்றது பீளமேட்டு அரசுப் பள்ளியில் என்று என் சான்றிதழ் சொல்லும். சான்றிதழுக்கு விவரம் போதாது. நான் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த ஆங்கிலம் ஒரு பியட் காரின் இடது முன்சக்கரத்தில் இருந்தது. 'ட்யூப் டைப்'. அடுத்துப் படித்தது, 'மேட் இன் இந்தியா'. குத்தவைத்து உட்கார்ந்து, தவளை மாதிரி நகர்ந்து நகர்ந்து, டயரைச் சுற்றிப் படிக்கவேண்டிய பாடம் அது. மேல்பாதி நேராக இருக்கும். கீழ்பாதி தலைகீழாகத் தொங்கும். பிற்பாடு வங்கியில் 33 வருஷம் குப்பை கொட்டினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கையிலுள்ள பத்திரத்தை இந்தப் பக்கத்திலிருந்தே தலைகீழாகப் படித்துவிடுவேன். மேலதிகாரிகள் அதைத் திறமை என்றார்கள். டயர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் அவர்களிடம் சொல்லவில்லை.

அப்பா ஒரு மில் முதலாளி வீட்டில் டிரைவர். பெரிய முதலாளிக்கு அம்பாசிடர், சின்ன முதலாளிக்கு பியட். இரண்டையும் ஓட்டுவது, கழுவுவது, இரண்டுக்கும் காய்ச்சல் தலைவலி என்றால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது எல்லாம் அப்பா. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆங்கிலம் கிடையாது. தன்னுடைய லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. போலீஸ்காரர் கேட்டால் எடுத்து நீட்டுவார். போலீஸ்காரரும் படிக்காமல் திருப்பிக் கொடுப்பார். இப்படியே 40 வருஷம் ஓடியது.

விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி கழுவும் சத்தம் கேட்கும். சிறுவாணிக் குடிதண்ணீரைக் காருக்கு ஊற்றுவது பாவம் என்று அம்மா சொல்வாள். அதனால் கிணற்றுத் தண்ணீர். இரண்டு வாளி. ஒன்று வண்டிக்கு, இன்னொன்று சக்கரத்துக்கு. துணியும் தனித்தனி. "டயரைத் தொடச்ச துணி பானட்டைத் தொடக்கூடாது கண்ணு. செருப்புக் காலோட சாமி ரூமுக்குள்ள போறாப்பல" என்பார். இந்த ஆசாரத்தை இன்று ஆங்கிலத்திலும் ஓதுகிறார்கள். சக்கரத்துக்கு வேறு வாளி, வேறு துணி என்று செல்போனில் வெள்ளைக்காரர்கள் விளக்குகிறார்கள். டயர் மண்ணிலிருக்கும் பொடிக்கல் பெயிண்டைக் கீறும் என்பதுதான் விஷயம். அப்பா அதைத் தீட்டு என்று சுருக்கிச் சொல்லிவிட்டார்.

டயர் கழுவுவது என்றால் தேங்காய் நாரும் 501 பார் சோப்பும். பட்டனுக்கு நடுவில் சிக்கிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கவேண்டும். காய்ந்த பிறகு கறுப்பு பூசவேண்டும். இங்கேதான் டிரைவர்களுக்குள் சைவ வைணவச் சண்டை. ரயில்வே ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டில் பெரும்பான்மை, வேஸ்ட் ஆயிலில் டீசல் கலந்து அடிக்கும் கட்சி. அடித்த அரைமணி நேரத்துக்கு டயர் யானைக்கன்று மாதிரி மினுங்கும். வண்டி அவிநாசி ரோட்டைத் தொட்டதும் புழுதி முழுவதும் அதில்தான் வந்து ஒட்டும். திரும்பி வரும்போது ராகி மாவில் புரட்டிய களி உருண்டை மாதிரி இருக்கும். அப்பா எதிர்க்கட்சி. "எண்ணெ குடிச்ச ரப்பர் ஊதிப் போவும். ஊதுனது வெடிக்கும்" என்பார். ரப்பரும் பெட்ரோலிய எண்ணெயும் ஒன்றுக்கொன்று ஆகாது, எண்ணெயை உறிஞ்சி ரப்பர் உப்பித் தளரும் என்று பிற்பாடு படித்தபோதுதான், அவர் பிடிவாதம் ரசாயனம் என்று புரிந்தது. முதலாளியின் ஷூவுக்கு வாங்கிய கறுப்பு பாலிஷில் டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மிச்சம்தான் அவருடைய மருந்து. பழைய பனியன் துணியில் தொட்டு, ஒரு சுற்று, அவ்வளவுதான். டயர் மினுங்காது. குளித்துவிட்டு வந்த ஆள் மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்தில் டயர் வாங்குவது வீட்டில் ஒரு கல்யாணம் நடத்துவது மாதிரி. பட்டன் தேய்ந்தால் ரீட்ரெடிங். மறுபடி தேய்ந்தால் மறுபடி ரீட்ரெடிங். புது டயர் போட்ட வண்டியை டாக்ஸி ஸ்டாண்டில் நாலுபேர் சுற்றி நின்று, மணப்பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அப்படியிருக்க, 1976இல் சின்ன முதலாளி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தார். படிப்பு முடித்து வந்தாரா, முடிக்காமல் வந்தாரா என்பது சமையல்கட்டில் விவாதப் பொருள். கையில் ஒரு கார் பத்திரிகை இருந்தது. வழவழ தாள். ஒரு பக்கத்தைப் பிரித்து அப்பாவிடம் காட்டினார். சிவப்புக் கலரில், பாயத் தயாரான சிறுத்தைபோல ஒரு கார். சக்கரமெல்லாம் கரேலென்று இருக்க, அதன் மேல் பளீரென்று வெள்ளை எழுத்து.

"டிரைவரண்ணா, நம்ம பியட்டுக்கு இந்த மாதிரி வேணும்."

"ஆச்சுங்க தம்பி" என்றார் அப்பா. முதலாளி வீட்டில் அவர் 'முடியாதுங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பெயிண்ட்தான் என்று முடிவுக்கு வந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அரைக்கால் லிட்டர் வெள்ளை எனாமல் வாங்கினார். பிரஷ் வாங்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்குச்சியாக ஒன்றை உருவி, நுனியைக் கல்லில் வைத்துத் தட்டி நார்நாராக்கி என் கையில் கொடுத்தார். எனக்கு வயது பன்னிரண்டு. "நீதான் இங்கிலீஷ் படிக்கிறயே. உனக்குத்தான் எழுத்து எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். டயரில் புடைத்துக்கொண்டிருந்த எழுத்துகளில் பெரியது எம்.ஆர்.எஃப். திருவொற்றியூரில் 1946இல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய கே.எம். மாமன் மாப்பிள்ளை, அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியோடு கைகோத்து 1961இல் டயர் செய்யத் தொடங்கினார் என்ற சரித்திரமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அந்த 'எம்' என்பது மெட்ராஸ் என்றுகூடத் தெரியாது. மூன்று எழுத்தையும் வெள்ளையாக்கினேன். நன்றாக இருந்தது. பக்கத்தில் '5.20-14' என்று இருந்தது. அதை மட்டும் விட்டால் மூளியாகத் தெரியுமே என்று அதையும் வெள்ளையாக்கினேன். பிறகு 'ட்யூப் டைப்'. பிறகு 'நைலான்'. பிறகு 'மேட் இன் இந்தியா'. நிறுத்த ஒரு காரணம் வேண்டுமல்லவா? எது பெயர், எது அளவு, எது எச்சரிக்கை என்று எனக்குத் தெரியாது. எல்லாம் இங்கிலீஷ். எல்லாமே முக்கியமாகத்தான் இருக்கவேண்டும். சாயங்காலம் நாலு சக்கரமும் முடிந்தன. அப்பா டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் எடுத்து வெளியே வைத்தார்.

"இது உள்ளதானுங்களே அப்பா இருக்கும்? யார் பாக்கப் போறாங்க?"

"பஞ்சர் ஆனா இதுதான கண்ணு வெளிய வரும். அன்னிக்கு மட்டும் மொட்டையா நிக்கவா?"

மறுநாள் காலையில் சின்ன முதலாளி போர்ட்டிகோவுக்கு வந்தார். டயரைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். ஒரு சக்கரத்தைச் சுற்றித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"டிரைவரண்ணா, இதென்ன டயரா, தினத்தந்தியா?"

அப்பாவுக்கு அது கேலி என்று புரியவில்லை. அல்லது புரியாத மாதிரி இருக்கத் தெரிந்தவர். என் தோளில் கைவைத்து, "பையன் படிச்சவனுங்க தம்பி. ஒரு எழுத்தக்கூட விடலீங்க" என்றார்.

கம்பெனி பெயர் மட்டும் இருந்தால் போதும், மற்றதை அழித்துவிடச் சொல்லி உத்தரவு. பெட்ரோலால் துடைத்தால் ஒரு நிமிஷ வேலை. ரப்பரில் பெட்ரோல் படக்கூடாது என்பது அப்பாவின் சமயம். ஆகையால் இரண்டு நாள் சாயங்காலம் ஷூ பாலிஷை அந்த வெள்ளையின் மேல் தேய்த்தோம். கறுப்பாகவில்லை. சாம்பலாகியது. நல்ல வெயிலில் பார்த்தால் 'மேட் இன் இந்தியா' பேய் மாதிரி எட்டிப் பார்க்கும்.

அந்த வாரக் கடைசியில் சின்ன முதலாளி நண்பர்களோடு ஊட்டிக்குப் போனார். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 86 கிலோமீட்டர். அந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் டயரின் பக்கச்சுவர் தரையருகே ஒருமுறை பிதுங்கி நிமிரும். போக மட்டும் 40,000 தடவைக்கு மேல் பிதுங்கல். ரப்பர் வளைந்து கொடுக்கும். காய்ந்த எனாமல் கொடுக்காது. பர்லியாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே உதிர்ந்திருக்கவேண்டும். வண்டி திரும்பி வந்தபோது ஒரு சக்கரத்தில் 'எஃப்' மட்டும், இன்னொன்றில் 'எம்'மில் பாதி, மூன்றாவதில் ஒன்றுமில்லை. அப்பா சாம்பலாக்கிய பொடி எழுத்துகள் மட்டும் பாலிஷ் குடித்து மெத்தென்று அப்படியே இருந்தன. ஸ்டெப்னி மட்டும் புதுமாப்பிள்ளையாக டிக்கிக்குள் படுத்திருந்தது.

சின்ன முதலாளிக்கு அதற்குள் ஆசை வேறு எங்கோ போய்விட்டது. அப்பாவுக்குப் போகவில்லை. மாதம் ஒருமுறை அந்த மூன்று எழுத்தையும் என்னை விட்டுப் புதுப்பித்தார். கொஞ்ச நாளில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வர, அவரே வெள்ளையடிக்க ஆரம்பித்தார். முதல் எழுத்து, ரெட்டைக் கோபுரம். இரண்டாவது, ஒரு காலை நீட்டி உட்கார்ந்த கிழவி. மூன்றாவது, பல் போன சீப்பு. இப்படியாக என் அப்பா தன் 45ஆவது வயதில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து கற்றார். காரை நிறுத்தும்போது எழுத்து மேலே, நேராக வரும்படி ஒரு முழம் முன்னே, அரை முழம் பின்னே என்று உருட்டுவார். ஒரு சக்கரத்தில் நேராக வந்தால் அடுத்ததில் கோபுரம் கவிழ்ந்திருக்கும். நாலும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து நின்ற நாள் அவர் சர்வீஸில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் தினமும் முயற்சி செய்தார்.

1998 ஏப்ரலில், ஷார்ஜாவில் சச்சின் டெண்டுல்கர் ஆஸ்திரேலியாவை இரண்டு ஆட்டங்களில் அடுத்தடுத்து அடித்துத் துவைத்தபோது அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். கிரிக்கெட் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் தெரிந்த எழுத்து மூன்று இருந்தன. ஈஸி சேரிலிருந்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனார்.

"ஏங்கண்ணு, அந்தப் பையன் மட்டையில நம்ம டயர எழுதி வெச்சிருக்கறான்?"

"அது விளம்பரமுங்க அப்பா. அதை ஒட்டிக்கறதுக்கு அவருக்குக் கம்பெனி பணம் கொடுக்குது."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. 22 வருஷத்துக்கு முன்னால் அரைக்கால் லிட்டர் எனாமலுக்கு யார் பணம் கொடுத்தது என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு சொன்னார்: "எழுத்து நேரா நிக்குது பாரு. ஒரே ஒரு மட்டைதான. நாலு சக்கரத்துல நிறுத்தச் சொல்லு பாக்கலாம்."

அப்பா போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. 2023 கோடையில் நானும் என் மனைவியும் பேத்தியைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போனோம். பையன் சியாட்டிலுக்குப் பக்கத்தில், பெல்வியூவில் இருக்கிறான். மலையேறுகிற மாதிரி பெரிய கார் வைத்திருக்கிறான். மலை ஏறுவதில்லை, மளிகைக்கடைக்குப் போகிறான். போன இரண்டாவது வாரம், வழக்கம்போல விடிகாலையில் விழித்துக்கொண்டு, ஒரு வாளியைத் தேடி எடுத்து காரைக் கழுவத் தொடங்கினேன். பையன் தூக்கக் கலக்கத்தோடு ஓடி வந்தான்.

"அப்பா, இங்கே வீட்டு வாசல்ல கழுவக்கூடாது. தண்ணி அந்த ஜாலி வழியா நேரா ஓடைக்குப் போயிடும்."

ரோட்டோரத்து வடிகால் ஜாலியின் பக்கத்தில் ஒரு மீன் படம் இருந்தது. சோப்பு மட்டும் இல்லையாம், டயரும் குற்றவாளியாம். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் வெடிக்காமலிருக்க அதில் ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். டயர் தேய்ந்த தூளில் இருக்கும் அந்தச் சரக்கு ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறி, மழைத் தண்ணீரில் ஓடைக்குப் போய், கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று அந்தப் பகுதி ஆய்வாளர்களே 2020இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். சிறுவாணிக்காகப் பாவம் பார்த்த அம்மா இருந்திருந்தால் பேரனைத் தட்டிக்கொடுத்திருப்பாள்.

அன்றைக்குத்தான் எதிர்வீட்டுக்காரரைக் கவனித்தேன். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், என் வயதிருக்கும். தன் பழைய கமாரோவை ரோட்டுப் பக்கம் விடாமல் புல்தரையில் நிறுத்தியிருந்தார். சின்ன முதலாளியின் பத்திரிகையிலிருந்த அதே ஜாதிக் கார். புது டயர் மாட்டியிருந்தது. டயரின் எழுத்துகள் நீலமாக இருந்தன. சோப்புத் தண்ணீரில் பிரஷ் தோய்த்துத் தேய்க்கத் தேய்க்க நீலம் கரைந்து வழிந்தது. உள்ளேயிருந்து, சொட்டுநீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி, வெள்ளை வந்தது.

நான் அப்படியே ரோட்டைக் கடந்து போய்விட்டேன். 47 வருஷத்துக் கேள்வி அல்லவா?

அது பெயிண்ட் இல்லை. பெயிண்டாக ஒருநாளும் இருந்ததில்லை. அந்த வகை டயரின் பக்கச்சுவரில், கறுப்புத் தோலுக்கு அடியில் வெள்ளை ரப்பர் ஒரு பட்டையாக ஓடுகிறது. அச்சில் எழுத்து புடைத்து வரும்போது மேலே கறுப்புத் தோல் மூடியிருக்கும். அந்தப் புடைப்பை மட்டும் எந்திரத்தில் சீவிவிடுகிறார்கள். கறுப்பு உளுந்தின் தோலை உரித்தால் பருப்பு வெள்ளையாக வருவதுபோல எழுத்து வெளியே வருகிறது. 60களின் கடைசியிலும் 70களிலும் பந்தயக் கார்களைப் பார்த்து அமெரிக்க இளைஞர்களுக்கு வந்த மோகம் அது. அவர் மாட்டியிருந்த பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ 1970இல் வந்தது; இன்றும் அதே வெள்ளை எழுத்தோடு விற்கிறது. நீலப் பூச்சு, கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது பக்கத்து டயரின் கறுப்பு ஒட்டாமலிருக்கப் போட்ட முக்காடு.

வெள்ளையை வெள்ளையாக வைத்திருப்பதுதான் பாடு. மீனைக் கொல்லும் கதையில் வந்த அதே காவல் ரசாயனம், கறுப்பு ரப்பரிலிருந்து மெல்லக் கசிந்து மேலே வருகிறது. காற்றுப் பட்டதும் பழுப்பாகிறது. கறுப்பில் பழுப்பு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வெள்ளையில் வெற்றிலைக்கறை மாதிரி தெரியும். அவர் அதற்கு வைத்திருந்த ஆயுதத்தைக் காட்டினார். சோப்பு தோய்த்த ஸ்டீல் நார். நம் வீட்டில் அடிபிடித்த பால் பாத்திரத்துக்குப் போடுகிற அதே சாமான். எழுத்தின் மேல் மட்டும் மெதுவாகத் தேய்த்து, காயவிடாமல் உடனே அலசிவிடவேண்டும். கறுப்புக்குத் தண்ணீர்ப் பதமான சிலிக்கான் பாலிஷ். அது எழுத்தின் மேல் படாமல், மை வைப்பதுபோல ஓரம் கட்டிப் பூசினார். எண்ணெய்ப் பதமான பாலிஷ் ஆகாது என்றார். ஏன் என்றேன். ரப்பரைக் கெடுக்கும் என்றார். வேகமாகப் போனால் தெறித்துக் கதவிலும் படுமாம். பீளமேட்டு ஆகமம் பெல்வியூவரை வந்திருந்தது.

உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்து, பையனின் காரில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்தேன். நாலு சக்கரமும் வெறும் கறுப்பு. "இதுலயும் வெள்ளை எழுத்து இருக்குப்பா. உள்பக்கம்" என்றான் பையன். "மாட்டும்போது கடையில கேட்டாங்க, எழுத்து உள்ளேயா வெளியேயான்னு. உள்ளேன்னு சொல்லிட்டேன். இப்போ அதான் நல்லா இருக்கும். வெளியே வெச்சா ஒரு மாதிரி... பழைய ஆளுங்க கார் மாதிரி இருக்கும்."

நான் அதை நம்பவில்லை. கண்ணால் பார்க்க, பேத்தியின் யோகா விரிப்பை விரித்து காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்து மருமகள் "மாமா! மாமா!" என்று அலறியதில் எதிர்வீட்டுக்காரர்கூட ஓடிவந்துவிட்டார். இருந்தது. உள்பக்கம், ஆக்ஸிலைப் பார்த்தபடி, சேறு படிந்து, பெரிய பெரிய வெள்ளை எழுத்துகள். யாருக்கும் தெரியாமல், ஒரு கிலோமீட்டருக்குச் சில நூறு தடவை சுற்றிக்கொண்டிருக்கின்றன. எங்கள் ஸ்டெப்னி ஞாபகம் வந்தது. அதற்காவது பஞ்சர் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

ஆற அமர யோசித்தால், டயரே ஒருகாலத்தில் வெளுப்புதான். ரப்பர் பால் வெள்ளை. அதில் கலந்த துத்தநாக ஆக்ஸைடும் வெள்ளை. மிஷலின் கம்பெனியின் டயர் மனிதன் 1898இல் பிறந்தபோது வெளுத்த உடம்போடு பிறந்ததற்கு அதுதான் காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பரில் கரித்தூள் கலந்தால் பல மடங்கு உழைக்கும் என்று கண்டார்கள். உலகத்து டயரெல்லாம் கறுத்தது. கறுத்ததும் மனிதனுக்கு வெள்ளை மேல் ஆசை வந்தது. பக்கச்சுவரில் வெள்ளை வளையம் வைத்தான். வளையம் அலுத்து எழுத்தாகச் சுருங்கியது. இப்போது எழுத்தும் கூசுகிறது என்று உள்பக்கம் திருப்பிவிட்டான். அடுத்தது டயரையே மறைக்கும் காலமாக இருக்கலாம். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத என் அப்பா, எழுத்தை ஊருக்குக் காட்ட முன்னும் பின்னும் வண்டியை உருட்டினார். இரண்டு பட்டம் வாங்கிய அவர் பேரன் எழுத்தை உள்ளே திருப்பிவைக்கக் கடையில் சொல்லியிருக்கிறான்.

போன ஆயுத பூஜைக்கு என் காரை இங்கே அவிநாசி ரோட்டில் ஒரு 'டீடெய்லிங் ஸ்டூடியோ'வுக்குக் கொண்டுபோனேன். முன்பெல்லாம் இதற்கு 'வாட்டர் சர்வீஸ்' என்று பெயர். ஷெட்டில் ஏற்றி அடிப்பார்கள். கார் நனைவதற்குள் நாம் நனைந்துவிடுவோம். இப்போது கண்ணாடி அறை, ஏசி, சோபா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரைக் கழுவுகிறார்கள். இந்தப் பக்கம் காப்பி கொடுக்கிறார்கள். மகப்பேறு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதுபோல ஆண்கள் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா குத்தவைத்துச் செய்த வேலைக்கு இன்று கோர்ஸ் இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, கறுப்பு யூனிஃபார்ம் இருக்கிறது. இருபது வயதுப் பையன் ஒருவன் கையில் டேப்லெட்டோடு வந்தான்.

"அங்கிள், டயருக்கு கிளாஸா, மேட்டா?"

"என்னப்பா வித்தியாசம்?"

"கிளாஸ்னா பளபளன்னு இருக்கும். மேட்னா, போட்ட மாதிரியே தெரியாது அங்கிள். நேச்சுரலா, ஃபேக்டரியில இருந்து வந்த மாதிரி இருக்கும். மேட் கொஞ்சம் ரேட் ஜாஸ்தி."

போட்டது தெரியாமலிருக்கக் கூடுதல் காசு. ஷூ பாலிஷ் டப்பாவின் ஓரத்தை வழித்து அப்பா வரவழைத்த பதம் அதுதான். மேட்டே போடச் சொன்னேன். போனவாரம்தான் நானும் தலைக்கு இதே கொள்கைப்படி, போட்டது தெரியாத டை போட்டிருந்தேன். டயருக்கு ஒரு நியாயம், தலைக்கு ஒரு நியாயம் என்று இருக்கக்கூடாது.

பையன் அடுத்த பக்கத்தைத் தள்ளினான். "லெட்டரிங் பண்ணலாமா அங்கிள்? ஒயிட் பெயிண்ட் மார்க்கர். இப்போ பைக் பசங்க நிறைய பண்றாங்க. ரப்பர் மாதிரியே வளையும், உரியாது."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாதிக் காப்பியை வைத்துவிட்டு, விதியை மீறிக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். பையன் இடது முன்சக்கரத்தருகே, உருளும் முக்காலியில் உட்கார்ந்தான். மார்க்கரைக் குலுக்கினான்.

"பிராண்ட் நேம் மட்டும்தான அங்கிள்?"

"எல்லாத்தையும் போடு."

"எல்லாத்தையுமா?"

"ஒரு எழுத்தக்கூட விடாத."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். வயசானவர்களோடு வாதாடக்கூடாது என்று கோர்ஸில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்போல. எழுத ஆரம்பித்தான். பெயர் வெள்ளையானது. அளவு வெள்ளையானது. 'ரேடியல்', 'ட்யூப்லெஸ்' எல்லாம் வெள்ளையாயின. 'மேட் இன் இந்தியா'வுக்கு வந்தபோது என் கண் லேசாகக் கலங்கியது. நகர்ந்து நகர்ந்து கீழே போனவன், ஒரு சின்ன வளையத்துக்கு முன்னால் நின்றான். துணியால் துடைத்தான். குனிந்து படித்தான்.

"அங்கிள், டயர் மாத்தலையா? இது 3217."

"அப்படின்னா?"

"2017இல 32ஆவது வாரம் செஞ்சது. ஆகஸ்ட். எட்டு வருஷம் ஆச்சு. பட்டன் இருக்கு, ஆனா ரப்பர் பழசு. வண்டி ரொம்ப ஓட்டறதில்லையா? நின்னுட்டே இருக்குற டயருதான் அங்கிள் சீக்கிரம் வெடிப்பு விடும்."

தெரியும். டயரின் பக்கச்சுவர் அசைந்து கொடுத்தால்தான் உள்ளேயிருக்கிற காவல் சரக்கு நன்றாக மேலே கசிந்து வரும். ரிட்டயர் ஆன பிறகு என் கார் ஷெட்டில்தான் நிற்கிறது. பக்கத்தில் நானும். உற்றுப் பார்த்தால் எழுத்துகளின் இடுக்கில் முடிமுடியாக வெடிப்பு ஓடத் தொடங்கியிருந்தது. அதன் மேல்தான் சற்று முன்பு, கூடுதல் காசு கொடுத்து, ஃபேக்டரியிலிருந்து வந்த மாதிரி மேட் பூசச் சொல்லியிருந்தேன்.

மார்க்கர் நுனி அந்த நாலு எண்ணுக்கு மேல் காத்திருந்தது. நவராத்திரிக்கு வீட்டுக்கு நாலுபேர் வருவார்கள். வாசலில்தான் கார் நிற்கும். சந்தனம் குங்குமம் வைக்கும்போது குனிந்து பார்ப்பார்கள். எல்லோரும் படித்தவர்கள்.

"இதையும் வெள்ளை பண்ணிடட்டுமா அங்கிள்?"

"அதை மட்டும் விட்டுடு தம்பி" என்றேன்.